தேர் நிலைக்கு வந்தது, கணக்கு வரவில்லை

(குழு: கீழ ரத வீதிப் பாத்திரக்கடை வீட்டார்)

நான்: கடைக் கணக்கு திறக்கவில்லை. 'கோப்பு வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது' என்கிறது. நாளை 11ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம், போடாவிட்டால், நம்மிடம் பில் வாங்கிய கடைக்காரர்களுக்கு 14ஆம் தேதி வரும் 2பி பட்டியலில் வரி வரவு காட்டாது.

அத்தை: ஞாயிறு மறுவீட்டுக்கு யார் யார்? சொதிக்குத் தேங்காய் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: நேற்று தேருக்குக் கரண்டை நிறுத்தினார்களே, அதுதான்.

அப்பா: யூபிஎஸ் பேட்டரி மாற்றச் சித்திரையிலேயே சொன்னேன்.

பெரியப்பா: சொன்னாய். பணம் எங்கே போயிற்று என்று சொல்லவில்லை.

அக்கா: ஆரம்பித்தாயிற்று.

பெங்களூர் அத்தான்: மச்சான், எதையும் அழிக்காதே. முதலில் கணக்குக் கோப்புறையைப் பென் டிரைவில் நகல் எடு. கரண்ட் போய் மென்பொருள் ஒழுங்காக மூடாமல் நின்றிருந்தால், பழைய பூட்டுக் கோப்பு அங்கேயே கிடக்கும்; யாரோ உள்ளே இருப்பதாக மென்பொருள் நம்பிக்கொண்டிருக்கும். வைரஸ் தடுப்பு மறித்திருந்தால் 'அனுமதி இல்லை' என்று வந்திருக்கும். உண்மையிலேயே வேறு கம்ப்யூட்டரில் திறந்திருந்தால் கதை வேறு. நகல் எடுக்க விடுகிறதா?

நான்: விடவில்லை.

அக்கா: இவர் இப்படித்தான். வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் இதே நீளம்.

பெங்களூர் அத்தான்: அப்படியானால் பழைய பூட்டு இல்லை. யாரோ இப்போது திறந்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், செஷன்ஸ். எந்தக் கம்ப்யூட்டர், எவ்வளவு நேரமாக என்று அங்கே தெரியும். அங்கிருந்தே துண்டித்துவிடாதே, பாதி எழுதிய பதிவு கெட்டுப்போகும்.

அத்தை: தேங்காய் 30 போதுமா?

நான்: ஒரே வரிதான் இருக்கிறது. மாடிக் கம்ப்யூட்டர். 6 மணி நேரமாக.

அக்கா: மாடிச் சாவி யாரிடம்?

அப்பா: அண்ணனிடம்.

பெரியப்பா: காலையில் சரக்கு இருப்புப் பார்த்தேன். மூட மறந்திருப்பேன். சாவியைச் சின்னவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தம்பி: மாடிக்கு வந்துவிட்டேன். திரையில் சரக்கு இருப்பு இல்லை. அப்பா கடையிலிருந்து எடுத்த பணத்தின் பற்றுக் கணக்கு. ஏப்ரலிலிருந்து.

அக்கா: அதைக் குழுவிலா போடுவது?

தம்பி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: படித்துவிட்டேன்.

பெரியப்பா: பங்குக் கடையில் பற்றுப் பார்ப்பது குற்றமா?

அப்பா: கேட்டிருந்தால் நானே அச்செடுத்துக் கொடுத்திருப்பேன்.

பெங்களூர் அத்தான்: மாமா, பலர் ஒரே நேரத்தில் திறக்கும் உரிமம் வாங்கிவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

பெரியப்பா: எவ்வளவு ஆகும், மாப்பிள்ளை?

அப்பா: எவ்வளவானாலும் என் பற்றில் எழுதுங்கள்.

நான்: திறந்துவிட்டது. நகலும் எடுத்துவிட்டேன். இரவுக்குள் பில்களைச் சரிபார்த்துவிடுவேன். பேட்டரிக்கு என்ன முடிவு?

நான்: ?

அத்தை: இரண்டு அண்ணன்மாரும் ஒரே காரில் வருகிறீர்களா?

பெரியப்பா: பார்க்கலாம்.

அத்தை: 30 சொல்லியாயிற்று. உரித்த தேங்காயைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.