உதவி தேவை: ஆத்தங்குடிக் கல் வீடியோவைப் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் புரியும்படி செய்வது எப்படி?

காரைக்குடிக்காரி:
எங்கள் மகளிர் குழுவுக்காக ஆத்தங்குடிக் கல் (செட்டிநாட்டில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக் கல்) செய்முறையை 8 நிமிட வீடியோவாக எடுத்திருக்கிறேன். கையில் 12,000 ரூபாய்தான் மிச்சம். மூன்று சிக்கல்கள். தமிழ் சப்டைட்டில் முழுக்கக் கேள்விக்குறியாக வருகிறது. பழைய வீட்டின் பட்டாலையில் (கூடத்தில்) எடுத்த பேட்டி எதிரொலிக்கிறது. கல் ஊற்றும் பெரியவர் "இதை இதில் ஊற்ற வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்; பார்வையற்றவர் என்ன புரிந்துகொள்வார்?

எழுத்துப்பிழை:
சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே கேள்விக்குறியாகிவிட்ட கோப்பு மீளாது. மூலப் பிரதியிலிருந்து எடுக்க வேண்டும். சப்டைட்டிலைப் படத்தோடு ஒட்டிவிடாமல் தனிக் கோப்பாக ஏற்றுங்கள். பல வீடியோ தளங்களில் பார்ப்பவரே எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வையுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டின் மேல் வெள்ளை எழுத்து காணாமல் போய்விடும்.

முகப்புவாசி:
எதிரொலிக்குப் பின்னணி இசை போட்டு மறைத்துவிடலாமே?

வளவுத் திண்ணை:
தயவுசெய்து வேண்டாம். காது மந்தமானவர்களுக்கு இசையிலிருந்து பேச்சைப் பிரித்தறிவது பெரும்பாடு. கல் தரையும் வழவழப்பான சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன, அவ்வளவுதான். பேட்டியை மறுபடி எடுங்கள். துணி நிறைந்த சிறிய அறை போதும். தரையில் ஜமுக்காளம், பின்னால் கனத்த போர்வை. சட்டை மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பொருத்துங்கள். அழகான தூண்கள் படத்தில் வரவில்லையே என்று வருந்துபவர்கள் அவற்றைத் தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளட்டும்.

குரல்வழி:
எனக்குப் பார்வை இல்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தனியாக ஒலி விவரிப்பு, அதாவது திரையில் நடப்பதைச் சொல்லும் குரல், சேர்க்கச் செலவாகும். பெரியவரே சொல்லிவிட்டால் ஒரு காசு செலவில்லை. "கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, இலைக் கட்டத்தில் பச்சைச் சாயக் கலவை ஊற்றுகிறேன். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறேன்" என்று அவர் சொன்னால், நான் கல்லையே பார்த்த மாதிரி. ஆனால் எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து "என்ன செய்கிறீர்கள் ஐயா?" என்று கேட்டுக்கொண்டே இருங்கள். சப்டைட்டிலில் பேச்சோடு "அச்சைத் தட்டும் சத்தம்" போன்ற ஒலிகளையும் எழுதுங்கள், அது காது கேளாதவர்களுக்கு.

காரைக்குடிக்காரி:
சப்டைட்டில் சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் பெரியவர் வெளியூர் போய்விட்டார், மறுபடி எடுக்க வழியில்லை. என்ன செய்வது?

குரல்வழி:
அச்சு தெரியும் இடத்தில் படத்தைச் சில விநாடிகள் உறைய வைத்து, உங்கள் குரலிலேயே விவரியுங்கள். பேச்சின் மேல் பேச்சு ஏறக் கூடாது.

வளவுத் திண்ணை:
மிச்சப் பணத்தை இந்தியச் சைகை மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுங்கள். பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகையே முதல் மொழி; தமிழ் வரிகளை வேகமாகப் படிப்பது அவர்களுக்குச் சிரமம். மொழிபெயர்ப்பாளரின் உருவம் வலப்பக்கம் கீழே வரட்டும், சப்டைட்டில் கையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியிடும் முன் காது கேளாத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள், அம்மா. அவருக்கும் ஒரு தொகையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.