டிரையர் வாங்கலாமா? எங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவில்

நான்: மாமா, சித்தி, யாராவது இருக்கீங்களா? நிதி மேலாண்மை அசைன்மெண்ட். நாளைக்கு ராத்திரி 12 மணிக்குள்ள ஏத்தணும்.

சித்தி: கேள்வியைப் போடு.

நான்: அரவை ஆலைக்கு நெல் டிரையர், விலை 20 லட்சம். வருஷத்துக்கு 2,000 டன் காயவைக்கும். நெல்லுக்காரங்ககிட்ட வாங்குற கூலி டன்னுக்கு 600. உமி, கரண்ட், ஆள் எல்லாம் சேர்த்து டன்னுக்கு 250 செலவு. நிலைச் செலவு வருஷம் 1 லட்சம். 5 வருஷம் கழிச்சு 6 லட்சத்துக்கு விலை போகும். தேய்மானம் 15%, குறையும் மதிப்பு முறை (வருஷா வருஷம் மிச்ச மதிப்புல கணக்கு). வரி 30%, தள்ளுபடி வீதம் (பின்னாடி வர்ற காசை இன்னைய மதிப்புக்குக் குறைக்கிறது) 12%. நடைமுறை மூலதனம் (அன்றாடம் ஓட்ட முடக்குற காசு) 2 லட்சம். எனக்கு என்பிவி (வர்ற காசோட இன்னைய மதிப்புல போட்ட காசு போக மிச்சம்) 92,743 வருது. வாங்கலாம்னு எழுதிடவா?

மாமா: அவசரப்படாத. எக்ஸெல்ல என்பிவி ஃபார்முலாவுக்குள்ள மைனஸ் 20 லட்சத்தையும் சேர்த்து இழுத்திருக்க, சரியா?

நான்: ஆமா மாமா, மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்தேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

மாமா: 92,743-ஐ 1.12-ஆல பெருக்கு. 1,03,872 வரும். அந்த ஃபார்முலா முதல் கட்டத்துல இருக்குறதை ஒரு வருஷம் கழிச்சு வர்ற காசுன்னுதான் எடுத்துக்கும். நீ இன்னைக்குக் கொடுக்குற 20 லட்சத்தை அது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடுச்சு. முதல் வருஷத்துல இருந்து அஞ்சாவது வரைக்கும் மட்டும் உள்ள போடு. 20 லட்சத்தை வெளியில கழி.

மாமா: வருஷ வாரியா வரவைப் போடு பாப்போம்.

நான்: 5,10,000 / 4,96,500 / 4,85,025 / 4,75,271 / 4,66,981. அஞ்சாவதுல 6 லட்சம் தனியா.

சித்தி: வரவு சரி. செலவும் வரியும் போக வர்ற 4.2 லட்சத்தோட தேய்மானத்துல மிச்சமாகுற வரியைக் கூட்டியிருக்க. ஆனா நடைமுறை மூலதனம் எங்க?

நான்: அது திரும்பி வந்துடும்ல சித்தி, அதான் விட்டுட்டேன்.

சித்தி: இந்தத் தப்பு வருஷா வருஷம் பாதி பேப்பர்ல வரும். திரும்பி வரும், ஆனா 5 வருஷம் கழிச்சுல்ல வரும். அப்போ வர்ற 2 லட்சத்துக்கு இன்னைய மதிப்பு 1,13,485. மிச்சம் 86,515 போனது போனதுதான். 1,03,872-ல அதைக் கழி.

நான்: 17,357!!

பெரியப்பா: 20 லட்சத்தைப் போட்டு 17 ஆயிரமா? பேசாம பேங்க்ல போடலாமே.

மாமா: அத்தான், 12% கிடைச்சதுக்கு மேலதான் இந்த 17 ஆயிரம். ஐஆர்ஆர் (என்பிவி பூஜ்யமாகுற வீதம்) 12.3% பக்கம் வரும். ஆனா நீங்க சொல்றதும் நியாயம், ரொம்ப மெல்லிசா நிக்குது.

நான்: திட்ட அறிக்கைக்கு ஏற்கெனவே 40,000 கொடுத்தாச்சுன்னு ஒரு வரி இருக்கு. கழிக்கணுமா? கடன் வட்டியும் கொடுத்திருக்காங்க.

சித்தி: ரெண்டும் வேணாம். 40,000 வாங்கினாலும் போச்சு, வாங்காட்டியும் போச்சு. வட்டி 12%-க்குள்ளேயே இருக்கு, மறுபடி கழிச்சா ரெண்டு தடவை கழிச்ச மாதிரி.

பெரியப்பா: நான் ஒண்ணு கேக்குறேன். 2,000 டன்னுங்கறது ஈர நெல்லா, காஞ்ச நெல்லா?

நான்: அதுல என்ன பெரியப்பா வித்தியாசம்?

பெரியப்பா: குறுவை அறுப்புல 22% ஈரத்தோட வண்டி வரும். கொள்முதல் நிலையத்துல 17% கேப்பான். 1,000 கிலோ போட்டா எவ்வளவு வெளிய வரும்?

நான்: 950.

பெரியப்பா: அதான் இல்ல. 940. அரிசி, உமி எல்லாம் சேர்ந்த உலர் எடை 780 கிலோ, அது மாறாது. அது இப்போ 83%-ஆ நிக்கணும். 780-ஐ 0.83-ஆல வகுத்துப் பாரு. வெளிய வர்ற எடைக்குத்தான் கூலின்னா 2,000 டன்னுக்கு 1,880 டன் கூலிதான் கைக்கு வரும்.

மாமா: என்பிவியில 1.8 லட்சம் போயிடும் அத்தான். 17 ஆயிரம் எந்த மூலைக்கு?

சித்தி: பாப்பா, இதை அப்படியே எடுத்துக்கிட்டு உணர்திறன் பகுதியை (ஒரு கணிப்பு மாறினா முடிவு எவ்வளவு மாறும்னு காட்டுறது) எழுது. டன்னுக்கு மிஞ்சுறது 350. வரி போக 245. 5 வருஷக் காரணி (வருஷம் 1 ரூபாய் வந்தா மொத்தத்துக்கும் இன்னைய மதிப்பு) 3.6048. 20 டன் குறைஞ்சா 17,663 போச்சு, என்பிவி மைனஸ். 2,000-ல 20, அதாவது ஒரே ஒரு சதவீதம். ஒரு வருஷம் அறுப்புச் சமயத்துல நல்லா வெயில் அடிச்சா களத்துலயே காயவெச்சுடுவாங்க, டிரையருக்கு யாரு வருவா? 10% கூட்டி 10% குறைச்சு ஒரு அட்டவணை போட்டா மட்டும் போதாது, ஏன் குறையும்னு எழுதினாத்தான் மார்க்.

நான்: சரி சித்தி. அஞ்சாவது வருஷம் புத்தக மதிப்பு (தேய்மானம் போக மிச்சம்) 8,87,411, விக்கிறது 6 லட்சம். நஷ்டம் 2,87,411-க்கு 30% வரி மிச்சம்னு சீனியர் போட்டிருக்காங்க. அதைச் சேர்த்தா என்பிவி 48,925 கூடுது.

மாமா: நம்ம வரிச் சட்டத்துல அப்படி நேரா வராது. மத்த இயந்திரமெல்லாம் அதே தொகுதியில (ஒரே தேய்மான வீதச் சொத்துகளைச் சேர்த்து வைக்கிற கணக்கு) இருக்குறப்ப இந்த நஷ்டத்தை உடனே கழிக்க முடியாது, 6 லட்சம் தொகுதி மதிப்புல குறையும், அவ்வளவுதான். தொகுதியே காலியானாலும் அது குறுகிய கால மூலதன நஷ்டம், வியாபார லாபத்துல கழிக்க விடமாட்டாங்க.

சித்தி: அண்ணே, பாடப்புத்தகத்துல பாதி இடத்துல கழிச்சுத்தான் காட்டுவாங்க. பாப்பா, "ஆலையின் மற்ற இயந்திரங்கள் அதே தொகுதியில் தொடர்கின்றன" னு அனுமானம் எழுதிட்டு விட்டுடு. எழுதாம விட்டாத்தான் மார்க் போகும்.

மாமா: இன்னொண்ணு. இயந்திரம் எந்தத் தேதியில ஓட ஆரம்பிக்குதுன்னு கேள்வியில இருக்கா? மார்ச் 31-க்குள்ள 180 நாள் ஓடலைன்னா முதல் வருஷம் பாதித் தேய்மானம்தான், 7.5%. அக்டோபர் 3 தாண்டினாலே மாட்டிக்கும்.

நான்: இருங்க, பாக்குறேன்.

பெரியம்மா: சோறு ஆறுது, உங்க பெரியப்பாவை ஃபோனை வைக்கச் சொல்லுங்க.

நான்: மூணாவது பக்கத்துல அட்டவணைக்குக் கீழ சின்ன எழுத்துல இருக்கு மாமா. "இயந்திரம் அக்டோபர் 20 முதல் பயன்பாட்டுக்கு வரும்."

மாமா: அதான் பொறி. முதல் வருஷம் 3 லட்சத்துக்குப் பதிலா 1.5 லட்சம். வரியில 45,000 மிச்சம் குறையுது, பின்னாடி வருஷங்கள்ல கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரும். நிகரமா இன்னைய மதிப்புல 25,262 போச்சு.

நான்: 17,357-ல 25,262 கழிச்சா... மைனஸ் 7,905. வேணாம்னு எழுதணுமா?

சித்தி: வேணாம்னு எழுது. செப்டம்பர்லயே ஓட விட்டா 17,357-னு பக்கத்துல இன்னொரு தாள்ல காட்டு.

பெரியப்பா: ஐப்பசி மழையில நெல்லு முளைவிட்டுக் கிடக்குறப்போ டிரையர் வேணாம்னு எந்த ஆலைக்காரன்கிட்ட சொல்லப் போற?

மாமா: அத்தான், ஆவணியிலயே ஆர்டர் போடச் சொல்லுங்க.