புதுப்பிப்பு: திரையில் மாறாமல் நின்ற காற்றின் வேகம்

பாம்பன் மீனவர்களுக்காக நான் எழுதிவரும் இணையச் செயலியில், தொலைவிலுள்ள வழங்கியிலிருந்து (சர்வர்) காற்றின் வேகம் சரியாக வந்து சேர்ந்தும், திரையில் 0 என்பது மாறாமல் நிற்கிறது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது.

வியூ 3 (Vue 3) என்னும் ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்தில், மதிப்பு மாறினால் திரையையும் மாற்றவைக்கும் ரியாக்டிவ் (reactive) கொண்டு உருவாக்கிய பொருளிலிருந்து வேகத்தைத் தனி மாறியாகப் பிரித்தெடுத்து, அந்த மாறியைத் திரையோடு பிணைத்திருந்தேன். பிரித்த கணத்திலேயே அந்த எண் மூலத்தோடு தொடர்பற்ற வெறும் நகலாகிவிடுகிறது. ஆகவே பிறகு வரும் மதிப்பு எதுவும் திரையை எட்டுவதில்லை. மூலத்தோடு உள்ள தொடர்பை விடாமல் பிரித்துத் தரும் டூரெஃப்ஸ் (toRefs) வழியாகப் பிரித்ததும் எண் தானாக மாறத் தொடங்கியது.

தொடக்க மதிப்பாக 0 வைத்ததும் தவறுதான். கச்சான் காற்று வலுத்திருக்கும் நாளில், 0 என்பதைப் பார்த்துக் காற்றில்லை என்று நம்பி ஒருவர் படகை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எனவே இப்போது மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் நல் (null) என்று தொடங்கி, பதில் வரும்வரை ‘தரவு வந்துகொண்டிருக்கிறது’ என்று காட்டுகிறேன்.

வழங்கி 404 (கேட்டது இல்லை) அல்லது 500 (வழங்கியில் கோளாறு) என்று பதிலளித்தாலும், தரவைக் கேட்டு வாங்கும் ஃபெட்ச் (fetch) அதைப் பிழையாகக் கருதுவதில்லை என்பதால், கோரிக்கை வென்றதா என்று சொல்லும் பதிலின் ஓகே (ok) பண்பையும் சோதிக்கிறேன்.

இன்னொன்று மீதமிருக்கிறது: செயலியில் கடற்பகுதியைப் பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு விரைவாக மாற்றும்போது, தாமதமாக வரும் முந்தைய பதில் புதியதை அழித்துவிடுகிறது. பழைய கோரிக்கையை, அதை இடையிலேயே கைவிட உதவும் அபார்ட்கன்ட்ரோலர் (AbortController) கொண்டு நிறுத்தும் பகுதியை இன்றிரவு எழுதுகிறேன்.