நிரல்களை டி டிரைவுக்கு மாற்றினால் பயன் உண்டா?

கேள்வி (மல்லேஸ்வரம், பெங்களூரு):
என் மடிக்கணினியின் 512 ஜிபி எஸ்எஸ்டியில் (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) சி டிரைவுக்கு 100 ஜிபி மட்டுமே ஒதுக்கியதால், அது இப்போது நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகிறது. நிரல்களை டி டிரைவில் நிறுவிக்கொண்டால், விண்டோஸை மறுபடி நிறுவும்போது அவை தப்புமா?

மறுமொழி 1:
பெரும்பாலும் தப்பாது, ஐயா. நிரல்கள் தம் அமைப்புகளை ரெஜிஸ்ட்ரியில் (சி டிரைவில் உள்ள விண்டோஸின் பதிவேடு) எழுதி வைப்பதால், சி டிரைவை அழித்ததும் டி-யில் எஞ்சுவது வெறும் கூடுதான். டாக்குமென்ட்ஸ் கோப்புறையை வலச்சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'லொகேஷன்' என்பதைத் திறந்து, அதை மட்டும் டி-க்கு நகர்த்துங்கள்.

மறுமொழி 2:
சி, டி இரண்டும் ஒரே எஸ்எஸ்டியின் பகுதிகள்தாம். என் எஸ்எஸ்டி பழுதானபோது, டி-யில் நான் 'காப்பு' என்று பெயரிட்டு வைத்திருந்த கோப்புறையும் (பெயரைப் பாருங்கள்!) சேர்ந்தே போயிற்று, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய வெளி வன்தட்டில் இருந்த நகல்தான் கைகொடுத்தது.

கேட்டவர்:
நன்றி. டாக்குமென்ட்ஸை நகர்த்தியதும் சி-யில் 38 ஜிபி காலியாகிவிட்டது.