மறு: ‘அவுச்’ – புதுச்சொல் தேவையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வழக்கொழிந்த ஆங்கில அணிகலன் பெயர்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் பட்டியலில், கல் பதித்த அணியைக் குறிக்கும் ‘அவுச்’ என்பதற்கு ‘மணிப்பதிகை’ என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். பொருள் சரிதான். ஆனால் வீட்டில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்கிறோமோ என்று எனக்குப் படுகிறது.

இது வலியில் கத்தும் ‘அவுச்’ அல்ல. முதலில் ‘எ நவுச்’ (ஒரு நவுச்) என்று இருந்தது. சேர்த்துச் சொல்லிச் சொல்லி, ‘ந்’ ஒலி முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டு ‘அன் அவுச்’ ஆனது. ‘நேப்ரன்’ ‘ஏப்ரன்’ ஆனதும் இப்படித்தான். உடையைப் பிடிக்கும் கல் வைத்த ஊக்குக்கும் இந்தப் பெயர். கல் உட்காரும் பொன் கூட்டுக்கும் இதே பெயர். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், யாத்திராகமம் 28:11இல், இரண்டாவது பொருளில் வருகிறது. அதே இடத்தில் நம் தமிழ் பைபிள் ‘பொன் குவளைகள்’ என்கிறது.

குவளை ஏட்டுச்சொல் மட்டும் அல்ல. அம்மாவின் ஏழுகல் தோட்டில் ஒரு கல் விழுந்துவிட்டது. ஆறு கல் மின்ன, ஏழாவது இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு குட்டிக் கிண்ணம், அடியில் கொஞ்சம் அழுக்கு. நகை செய்யும் பத்தர் அதை ஊசிமுனையால் சுரண்டிவிட்டு, “குவளை நல்லாத்தான் இருக்கு, விளிம்புதான் தேஞ்சிருக்கு” என்றார். அந்த விளிம்பைக் கல்லின் மேல் அழுத்தி மடக்குவதால்தான் கல் நிற்கிறது. ‘பதிகை’ என்றால் அந்த வேலை தெரிகிறது, கிண்ணம் தெரியவில்லை.

ஆகவே கூட்டுக்குக் ‘குவளை’, ஊக்குக்கு ‘மணியூக்கு’ என்று இரண்டாகப் பிரித்துவிடலாம்.

‘கார்கனெட்’ கழுத்தை ஒட்டிய மணி பதித்த அணி. ‘அட்டிகை’ போதும், விவாதமே வேண்டாம்.

‘டாட்ரி லேஸ்’ என்பதற்குப் ‘பகட்டு நாடா’ என்று போட்டிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் ஈலி நகரத்துப் புனித ஆட்ரியின் பெயரில் நடந்த சந்தையில் விற்ற பட்டுக் கழுத்துநாடா அது. 679இல் இறந்த அந்த அம்மையார், இளமையில் ஆசையாய் அணிந்த கழுத்தணிகளுக்குத் தண்டனையாகத்தான் தன் கழுத்தில் கட்டி வந்தது என்று நம்பினாராம். மட்டமான பகட்டு என்ற பொருள் அந்த நாடாவின் பெயரில் பின்னால் வந்து ஏறியது. நாடாவுக்கு ‘ஆட்ரி நாடா’ என்றும், பிற்காலத்தில் பெயரடையான ‘டாட்ரி’க்கு மட்டும் ‘பகட்டு’ என்றும் வைக்கலாம்.

கடைசியாக ‘ஆக்லெட்’. நாடாவின் நுனியில் மாட்டும் உலோகக் குப்பி. ‘முனைக்காப்பு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். உலக்கை நுனியில் இருப்பதைப் பூண் என்கிறோமே, ‘நாடாப்பூண்’ என்றால் என்ன? அந்தக் காலத்து ஆக்லெட்டை அழகுக்காகவும் உடையில் தொங்கவிட்டார்கள். நம் பழைய பாட்டுகளில் பூண் என்றாலே அணிகலன்தான். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.