எச்பி5 ரோலில் கிரெய்ன்: டெவலப்பரை மாற்றுவதா, தண்ணீரைக் குளிர வைப்பதா?

நிழல்வாசி: முதல்முறையாக வீட்டிலேயே ஒரு எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ரோல் கழுவினேன். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400இல் எடுத்தது. டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) ரோடினால், 1+50 (ஒரு பங்கு மருந்துக்கு 50 பங்கு தண்ணீர்), 11 நிமிடம், 30 விநாடிக்கு ஒருமுறை ஃபிலிம் இருக்கும் டேங்கைக் கவிழ்த்தேன். ஸ்கேன் செய்தால் பாட்டி கன்னத்தில் சுருக்கம் எது, கிரெய்ன் (ஃபிலிமின் வெள்ளித் துகள் புள்ளிகள்) எது என்றே தெரியவில்லை. வானமெல்லாம் மணலை அள்ளித் தூவியது மாதிரி. எப்படிக் குறைப்பது?

வெள்ளிஉப்பு: முதலில் ரோடினாலை விடுங்கள். கூர்மைக்குப் பேர்போனது, ஆனால் கிரெய்னை ஒளிக்காது. டி-76 என்ற டெவலப்பரின் ஸ்டாக்கை (மூலக் கரைசலை) மேலும் தண்ணீர் கலக்காமல் ஊற்றுங்கள். 20 டிகிரியில் 7½ நிமிடம். லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் அதில் இருக்கிறது. அது வெள்ளி உப்பின் ஓரங்களைக் கொஞ்சம் கரைத்துவிடும், கிரெய்ன் மிருதுவாகும்.

குழாயடி: சல்பைட் கணக்கு சரிதான் சார். ஆனால் தண்ணீர் எத்தனை டிகிரி என்று கேட்காமலே மருந்தை மாற்றச் சொல்கிறீர்களே! தம்பி, அளந்தீர்களா?

நிழல்வாசி: இல்லை அண்ணா. மதுரை, மே மாதம், மாடித் தொட்டித் தண்ணீர்.

குழாயடி: அப்போ 30ஐத் தாண்டியிருக்கும். 11 நிமிடம் என்பது 20 டிகிரிக்கான நேரம். அந்தச் சூட்டில் பாதிகூட வேண்டாம். நீங்கள் முழு நேரமும் ஓட்டியிருக்கிறீர்கள். நெகட்டிவ் அளவுக்கு மேல் கறுத்தால் எந்த டெவலப்பரிலும் கிரெய்ன் பருத்துத்தான் தெரியும். நேரத்தை வெட்டுவதும் நல்லதல்ல, 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும். வாளியில் ஐஸ் போட்டு டெவலப்பர், ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் 20க்குக் கொண்டுவாருங்கள். கவிழ்ப்பது நிமிடத்துக்கு ஒருமுறை போதும், மெதுவாக. ஸ்கேனரில் ஷார்ப்பன் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், பாதி மணல் அங்கிருந்தே வரும்.

வெள்ளிஉப்பு: வெப்பம் முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சரியாக 20இல் வைத்தே ரோடினாலில் எச்பி5 பல ரோல் கழுவியிருக்கிறேன். வானத்தில் கிரெய்ன் போகவே இல்லை. 35 மி.மீ. ஃபிலிமுக்கு ரோடினால் ஒத்துவராது என்பதுதான் என் அனுபவம். 120 என்ற அகல ஃபிலிம் என்றால் வேறு, பெரிதாக்குவது குறைவு.

குழாயடி: எனக்கு முகம்தான் முக்கியம். ஸ்டாக்கில் கழுவினால் கண் இமை முடி ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிவதில்லை, லேசாக ஒட்டிக்கொள்கிறது. டி-76தான் வேண்டும் என்றால் 1+1, 11 நிமிடம். கரைப்பு குறையும், கூர்மை நிற்கும்.

வெள்ளிஉப்பு: அவர் கேட்டது கிரெய்னைக் குறைக்க. 1+1 அதைக் கொஞ்சம் கூட்டத்தான் செய்யும்.

குழாயடி: கொஞ்சம்தானே சார், பாட்டி முகத்துக்கு அது பரவாயில்லை. தம்பி, ஒன்று செய்யுங்கள். நெகட்டிவ்வைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். கறுத்த இடத்தின் வழியாகவும் எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும்.

நிழல்வாசி: இப்போதுதான் வைத்துப் பார்த்தேன். வானம் இருக்கும் இடத்தில் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. நாளை தெர்மாமீட்டர் வாங்குகிறேன். அடுத்த ரோலை இருட்டில் இரண்டாக வெட்டி, 20 டிகிரியில் ஒரு துண்டு ரோடினாலிலும் மற்றது டி-76 ஸ்டாக்கிலும் கழுவி, இரண்டு வானத்தையும் இங்கேயே போடுகிறேன்.