பழைய 350 சிசி வண்டி: பிரீதரைத் திறந்துவிட்ட பிறகு கசிவு கூடிவிட்டது, ஏன்?

கிக்கர்:
ஒற்றை சிலிண்டர், புஷ்ராடு (வால்வுகளை இயக்கும் நீண்ட தண்டு) எஞ்சின், எண்ணெய்க்குத் தனித் தொட்டி. ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி) புது பிஸ்டன் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து புஷ்ராடு குழாயின் அடியில் எண்ணெய் கசிகிறது. கேஸ்கெட்டை இரண்டு முறை மாற்றிவிட்டேன். உள்ளே அழுத்தம் சேர்கிறது போலும் என்று நினைத்து, பிரீதரில் (எஞ்சினின் உள்காற்று வெளியேறும் வழி) இருந்த கெட்டிப்போன ரப்பர் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஹோஸ் மாட்டினேன். போதாதென்று எஞ்சின் தலையிலுள்ள ராக்கர் மூடியிலும் துளையிட்டு ஒரு சிறிய ஃபில்டரைப் பொருத்தினேன். இப்போது கசிவு முன்பைவிட அதிகம். ஹோஸின் முனையிலிருந்தும் சொட்டுகிறது.

நட்டுபோல்ட்:
அந்த முனை எங்கே தொங்குகிறது? பின் டயருக்கு முன்னால் என்றால் இன்றே மாற்றுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். இரண்டு கேள்விகள். கம்ப்ரஷன் (சிலிண்டரில் சேரும் அழுத்தம்) பார்த்தீர்களா? வண்டி வாரக்கணக்கில் நிற்கிறதா? நின்றால் தொட்டி எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸில் (பிஸ்டனுக்குக் கீழுள்ள எஞ்சின் பெட்டி) இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் அதைத்தான் துப்பும்.

கிக்கர்:
முனை டயரின் பக்கவாட்டில்தான் இருந்தது, கட்டி ஒதுக்கிவிட்டேன். வண்டியைத் தினமும் ஓட்டுகிறேன். கம்ப்ரஷனை வெறுமனேயும், சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டும் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

கரிப்புகை:
அப்படியானால் பிஸ்டன் ரிங் மீது பழி போட முடியாது; அது கசிந்தால் எண்ணெய் விட்டதும் கம்ப்ரஷன் ஏறியிருக்கும். நீங்கள் கழற்றி எறிந்த வால்வுதான் விஷயமே.

பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அதன் அடியில் 350 சிசி காற்றைத் தள்ளுகிறது. ஏறும்போது அதே அளவை இழுக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் இது விநாடிக்கு 50 முறை. வழி முழுக்கத் திறந்திருந்தால் விநாடிக்குப் பதினேழரை லிட்டர் வெளியே போய், அவ்வளவும் திரும்ப உள்ளே வரப் பார்க்கும். போகும்போது எண்ணெய்ப் புகையை அள்ளிக்கொண்டு போகும், வரும்போது தூசியையும் ஈரத்தையும் கொண்டுவரும். ஒருவழி வால்வு இருந்தால் போன காற்று திரும்பாது. சில சுற்றுகளிலேயே உள்ளே சராசரி அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். பிறகு கேஸ்கெட் ஓரங்களில் எண்ணெய் வெளியே வர எது தள்ளும்?

புது வால்வை எஞ்சினுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். 12 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு மீட்டர் ஹோஸில் மட்டும் 110 சிசிக்கு மேல் காற்று நிற்கும். வால்வு கடைசி முனையில் இருந்தால் அந்தக் காற்று ஸ்பிரிங் போல அமுங்கி விரிந்து பாதிப் பயனைத் தின்றுவிடும். ராக்கர் மூடித் துளையையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று அந்த வழியாக உள்ளே வரும். தொட்டியின் காற்றுத் துளையை மட்டும் தொடாதீர்கள். எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் பம்ப் அதோடு காற்றையும் சேர்த்து அனுப்புகிறது. அது வெளியேற வழி வேண்டும்.

நட்டுபோல்ட்:
ஒப்புக்கொள்கிறேன். இரட்டை சிலிண்டர் என்றாலே கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 180 டிகிரி கிராங்க்கில் ஒரு பிஸ்டன் ஏற மற்றது இறங்குவதால் கன அளவு அதிகம் மாறாது. 360 டிகிரியில் இரண்டும் சேர்ந்தே இறங்கும், தொல்லை அப்படியே இருக்கும். பழைய ட்ரையம்ப் 650 வண்டிகளில் இதற்காகவே கேம்ஷாஃப்டின் முனையில் சுழலும் வால்வு ஒன்று உண்டு.

சங்கிலி:
ஹோஸை ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் விட்டால் என்ன? வாடையும் சொட்டும் போய்விடுமே.

கரிப்புகை:
விடலாம், புகையை எஞ்சினே எரித்துவிடும். ஆனால் பழைய எஞ்சின் துப்பும் அளவுக்கு ஃபில்டர் சீக்கிரம் எண்ணெயில் ஊறும். நடுவில் ஒரு சேகரிப்பு டப்பா வைத்தால்தான் எனக்கு நிம்மதி.

கிக்கர்:
ரீட் வால்வு (மெல்லிய தகடு திறந்து மூடும் ஒருவழி வால்வு) ஒன்றை கிராங்க்கேஸ் வாயிலிலேயே பொருத்தி, ராக்கர் மூடியை அடைத்தேன். பழைய ஹோஸைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. கியர்பாக்ஸின் அடியில் அது தொய்ந்து வளைந்திருந்த இடத்தில், தண்ணீரும் எண்ணெயும் கலந்த வெள்ளைக் களிம்பு வழியைப் பாதி அடைத்திருந்தது. புது ஹோஸைத் தொய்வில்லாமல் டப்பா வரை ஏற்றிவிட்டேன். முனையில் ஒரு பாலித்தீன் பையைச் சில விநாடி பிடித்துப் பார்த்தேன்; முன்பு படபடவென்று அடித்துக்கொண்டது, இப்போது உப்பி அப்படியே நிற்கிறது. 200 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. புஷ்ராடு குழாயடி காய்ந்திருக்கிறது. கியர் லிவர் அருகே மட்டும் ஒரு சொட்டு.

நட்டுபோல்ட்:
அது கியர்பாக்ஸ் எண்ணெய். அதற்கு பிரீதர் பொறுப்பில்லை, லிவர் தண்டின் சீலைப் பாருங்கள்.